ஐந்து ஜன்னலும் இரண்டு எல்லம்மாளும்

கம்ப்யூட்டர் தானாக வேலை செய்யும்போது கீதாஞ்சலி கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். மவுஸை யாரும் தொடமாட்டார்கள். திரையில் ஐந்து ஜன்னல்கள் ஒரே நேரத்தில் திறக்கும்; ஒவ்வொன்றிலும் எண்கள் தாமாக விழும், பொத்தான் தானாக அமுங்கும், கோப்புகள் ஒவ்வொன்றாக இறங்கும். அவள் வேலை செய்யும் சென்டருக்கு வருகிறவர்கள் வாயைப் பிளந்து பார்ப்பார்கள். முதலாளி சக்கரபாணி அவர்களிடம், "ஒண்ணுமில்லைங்க, எங்க பொண்ணு மந்திரிச்சு விட்டிருக்குது" என்பார். அப்போதெல்லாம் அவளுக்குப் பெருமையாக இருக்கும். கூடவே சின்னதாக ஒரு பயமும் இருக்கும்.

பயத்துக்குக் காரணம் இருந்தது. கம்ப்யூட்டரைத் தானாக ஓட்டும் அந்த ஸ்கிரிப்டில் பாதிதான் அவள் எழுதியது. மீதி, வீடியோ பார்த்தும் இணையத்தில் யாரோ போட்டு வைத்ததை எடுத்தும் ஒட்டியது. கல்லூரியில் நிரல் எழுதும் பாடத்தை மனப்பாடம் செய்து எழுதித் தேறியவள் அவள். தண்டராம்பட்டு பக்கத்துக் கிராமத்தில், சென்ட்ரிங் வேலை செய்யும் காசியின் மகள். அந்த வீட்டில் முதல் பட்டம் அவளுடையது. "எங்க பொண்ணு கம்ப்யூட்டர் படிச்சிருக்கா" என்று அப்பா சொல்லும்போது, படித்தேனா, அல்லது படித்தவள் மாதிரி இருக்கிறேனா என்று அவளுக்குத் தோன்றும். அதை யாரிடமும் கேட்க முடியாது. வீட்டில் கேட்டால் அம்மா பயந்துவிடுவாள்.

வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீசுக்குப் போகிற சாலையில்தான் சக்கரபாணியின் சென்டர். சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், பட்டா நகல் என்று காலையிலிருந்து ஆள் வந்துகொண்டே இருக்கும். அந்த மாதம் புதிதாக ஒரு வேலை வந்தது. கிரிவலப் பாதையில் கடை போட்டிருப்பவர்களுக்கு வெளியூர் அறக்கட்டளை ஒன்று இலவசமாக ரத்தப் பரிசோதனை செய்தது. முடிவுகள் லேபின் இணையப் பக்கத்தில் ஏறின. ஒவ்வொருவர் ரத்த மாதிரிக்கும் ஒரு எண். அந்த எண்ணைத் தட்டினால் பக்கம் கொஞ்ச நேரம் யோசித்து ரிப்போர்ட்டைத் தரும். அதை இறக்கி, அவரவர் கொடுத்த வாட்ஸப் எண்ணுக்கு அனுப்ப வேண்டும். கையால் செய்தால் நாள் முழுக்கப் போய்விடும்.

"உன் மந்திரத்தப் போடு" என்றார் சக்கரபாணி.

போட்டாள். முதல் தொகுதி நன்றாகப் போனது. எந்த எண்ணுக்கு எந்தக் கோப்பு என்று அவளே சிலவற்றைத் திறந்து பார்த்தாள், எல்லாம் சரி. ஆனால் ஒரு வரி மட்டும் அவள் கண்ணை உறுத்தியது. லேபின் பக்கம் எல்லா ரிப்போர்ட்டுக்கும் ஒரே பெயரைத்தான் வைத்துத் தரும். அதனால் ஸ்கிரிப்ட், கோப்புறையில் கடைசியாக வந்து விழுந்த கோப்பை எடுத்து, பட்டியலில் அடுத்து இருக்கிறவர் பெயரைச் சூட்டும். முதலில் கேட்டவருக்கு முதலில் வரும் என்பது கணக்கு. வராவிட்டால்? அந்தக் கேள்வி அவளுக்கு எழத்தான் செய்தது. சரியாகத்தானே நடக்கிறது, நடக்கிறதை எதற்குக் கலைப்பது என்று விட்டுவிட்டாள்.

இரண்டாம் தொகுதி வந்தது பௌர்ணமி அன்று காலையில்.

முந்தின நாள் சாலை தோண்டியவர்கள் சென்டருக்கு வரும் கேபிளை அறுத்துவிட்டிருந்தார்கள். கீதாஞ்சலி தன் செல்போனின் இணையத்தை கம்ப்யூட்டருக்குக் கொடுத்தாள். பௌர்ணமி என்றால் திருவண்ணாமலையில் செல்போன் படுகிற பாடு ஊருக்கே தெரியும். வந்திறங்குகிற ஜனம் அத்தனையும் கையில் ஒரு போனோடு வரும், அத்தனை போனும் ஒரே செல்போன் கோபுரத்தைப் பிடித்துத் தொங்கும். சாயங்காலமானால் கூப்பிட்டால் போகவே போகாது. ஆனால் அப்போது காலைதானே. ஐந்து ஜன்னலும் திறந்தன. சில சட்டென்று வந்தன, சில சுற்றிக்கொண்டே இருந்தன. கடைசியில் எல்லாம் இறங்கின, எல்லாம் போய்ச் சேர்ந்தன. அவள் டீ குடிக்கப் போனாள்.

மதியம் முதல் போன் வந்தது. டீக்கடை மணி.

"ஏம்மா, எனக்கு ரிப்போர்ட் அனுப்பியிருக்கியே, அதுல மல்லிகானு போட்டிருக்கு."

"மல்லிகாவா?"

"பொம்பளைனு வேற போட்டிருக்கு. எனக்கு ரத்தம் கம்மியாம், கீரை சாப்பிடணுமாம். அது பரவால்ல. யாரு அந்த மல்லிகானு என் பொண்டாட்டி காலைலேர்ந்து சோறு போடாம உக்காந்திருக்கா. நீயே பேசு அவகிட்ட."

சக்கரபாணி சிரித்தார். கீதாஞ்சலிக்குச் சிரிப்பு வரவில்லை. கோப்புறையைத் திறந்தாள். மணி என்று பெயர் வைத்த கோப்புக்குள் மல்லிகா இருந்தாள். மல்லிகாவுக்குள் மணி. அதற்கடுத்து மூன்று சரி. அதற்கடுத்து இரண்டு மாறி. பின்னால் கேட்டது முன்னால் வந்திருக்கிறது. இணையம் தள்ளாடிய காலையில், எது முதலில் தப்பிப் பிழைத்து வந்ததோ அதற்கு முதல் பெயர்.

"அண்ணா, நிறைய மாறியிருக்குதுண்ணா."

"சரியானத அனுப்பிடு. கேட்டா லேப்ல தப்புனு சொல்லு. நம்ம பேரு வரக்கூடாது, புரியுதா? அடுத்த கேம்ப்பும் நமக்குத்தான் தர்றதா சொல்லியிருக்காங்க."

ஒவ்வொரு கோப்பாகத் திறந்து, உள்ளே இருக்கிற ரத்த மாதிரி எண்ணைப் பட்டியலோடு ஒத்துப் பார்த்து, சரியானதைத் திருப்பி அனுப்பினாள். செய்திகள் கடிகாரக் குறியோடு அப்படியே நின்றன. போகவில்லை. ஒருவர் ஒருவராகக் கூப்பிட்டாள். பத்து தடவை போட்டால் ஒரு தடவை எடுத்தது. ஏற்கனவே தெரிந்துகொண்டவர்கள் திட்டினார்கள், சிலர் சிரித்தார்கள். "பேரப் பாத்துட்டு நான்தான் முனுசாமியோன்னு நினச்சேன்" என்றார் ஒருவர். தப்பு பெரிதாக இருந்ததால் அவரவர் கண்டுபிடித்துவிட்டார்கள் என்று அவளுக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

அப்போதுதான் பட்டியலில் எல்லம்மாள் வந்தாள். இரண்டு பேர். பட்டியல் பெயர் வரிசையில் இருந்ததால் அடுத்தடுத்து. இருவருக்கும் அ என்றே இனிஷியல். ஒருத்தி வேங்கிக்கால், ஒருத்தி மலைக்கு அந்தப் பக்கம் அடி அண்ணாமலை. வயது மட்டும் கொஞ்சம் வித்தியாசம். இருவர் ரிப்போர்ட்டும் மாறியிருந்தது. யாரும் போன் செய்யவில்லை. ஏன் செய்வார்கள்? பெயர் சரியாக இருக்கிறதே.

வேங்கிக்கால் எல்லம்மாளுக்குச் சர்க்கரை கட்டுக்கடங்காமல் இருந்தது. சிவப்பில் போட்டிருந்தார்கள். அடி அண்ணாமலைக்காரிக்கு எந்தக் குறையும் இல்லை. ஆனால் சிவப்புத் தாள் போயிருப்பது அவளுக்குத்தான்.

அடி அண்ணாமலை எல்லம்மாளின் எண், ஸ்ரீபெரும்புதூர் கம்பெனியில் வேலை செய்யும் அவள் மகன் சக்திவேலுடையது. அந்த எண்ணிலிருந்து காலையிலேயே ஒரு குரல் செய்தி வந்திருந்தது. கீதாஞ்சலி அதைக் கேட்கவில்லை. நன்றி சொல்லியிருப்பார்கள் என்று விட்டிருந்தாள். இப்போது காதில் வைத்தாள். பின்னால் மெஷின் சத்தம்.

"அக்கா, அம்மாவுக்கு சக்கர இவ்ளோ ஜாஸ்தியா? எனக்கு லீவு கிடைக்காதுக்கா. எங்க அத்தைக்கு சக்கர இருக்கு, மாத்திர வெச்சிருக்காங்க. டாக்டர பாக்குற வரைக்கும் அதையே போட்டுக்கச் சொல்லட்டா? இன்னிக்கு பௌர்ணமி வேற, அம்மா சாப்பிடாது. சொல்லுக்கா."

கீதாஞ்சலி உடனே அந்த எண்ணைக் கூப்பிட்டாள்; போகவில்லை. அவள் அப்பா ஒருமுறை சர்க்கரை மாத்திரை போட்டுவிட்டுச் சாப்பிடாமல் வேலைக்குப் போய், கம்பி கட்டிக்கொண்டிருந்த இடத்திலேயே சரிந்திருக்கிறார். மேஸ்திரி வாயில் சர்க்கரையைக் கொட்டித்தான் பிழைத்தார். அப்பாவுக்காவது சர்க்கரை இருந்தது. சர்க்கரையே இல்லாதவள், மாத்திரையைப் போட்டுக்கொண்டு, வெறும் வயிற்றோடு, வெயிலில்.

சக்திவேலை விடாமல் அழைத்து ஒருவழியாகப் பிடித்தாள். "போட்டாச்சுக்கா, காலைலயே" என்றான். "நீங்க பதில் போடல. சரி, தப்பில்லனு நினச்சிட்டேன். அம்மாகிட்ட போன் கிடையாது, அத்தை போன் போகல. அடி அண்ணாமல கோயில் தாண்டி, நீலத் தார்ப்பாய், கரும்பு ஜூஸ் கடை. என்னக்கா ஆச்சு?"

நீங்க பதில் போடல. அது அவள் நெஞ்சில் தைத்தது. பதில் சொல்வதற்குள் இணைப்பு அறுந்துவிட்டது.

சக்கரபாணியிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் ஷட்டரை இழுத்து இறக்கினார். "வண்டில ஏறு. ஈசான்ய லிங்கம் வரைக்கும் போலீஸ் விடும், அதுக்கு மேல தடுப்பு. வேங்கிக்கால் அம்மாவ நான் போய் பாத்துக்கறேன். எங்க போனாலும் லேப் தப்புனே சொல்லு."

தடுப்புக்கு அப்பால் அவள் நடந்தாள். முதலில் நடந்தாள், பிறகு ஓடினாள். மலையை வலமாகச் சுற்றுகிற கூட்டம் எதிரே வந்துகொண்டிருந்தது. அடி அண்ணாமலைக்குக் குறுக்கு வழி அந்தக் கூட்டத்துக்கு எதிராகத்தான். வெறுங்காலோடு குடும்பம் குடும்பமாக வந்தார்கள். தோள்கள் அவளை இடித்துத் தள்ளின.

"ஏம்மா, சாமிய சுத்துறப்போ எதிர்ல வர்றியே" என்றாள் ஒரு அம்மா. "தெரிஞ்சவங்க யாரும் சொல்லலியா?"

"வீட்ல சண்ட போல, விடு" என்றது இன்னொரு குரல்.

குபேர லிங்கத்தில் கூட்டம் சுவர் மாதிரி நின்றது. சாலையோரமாக, கடைகளின் பின்புறமாக, கயிறுகளைத் தாண்டிப் போனாள். போனை எடுத்தெடுத்துப் பார்த்தாள். கடிகாரக் குறி அப்படியே இருந்தது. ஓட்டத்துக்கு நடுவில் அவள் மனம் நிற்காமல் பேசியது. ஒவ்வொரு ஜன்னலுக்கும் தனித்தனிக் கோப்புறை கொடுத்திருந்தால் போதும். கோப்பைத் திறந்து உள்ளே இருக்கும் எண்ணைப் பார்த்துப் பெயர் வைக்கச் சொல்லியிருந்தால் போதும். சில வரிகள். தெரியாமலா விட்டாள்? தோன்றியதே. தோன்றியதை ஏன் விட்டாள்? தனக்குத் தெரியாது என்பது மற்றவர்களுக்குத் தெரிந்துவிடுமோ என்றுதானே.

வாயு லிங்கம் தாண்டி அடி அண்ணாமலைக்குள் நுழையும்போது மூச்சு இரைத்தது. கரும்பு ஜூஸ் கடைகள் வரிசையாக இருந்தன. நீலத் தார்ப்பாயும் ஒன்றல்ல. "எல்லம்மா கடையா? சலங்கை கட்டின மெஷினு, அதோ" என்று ஒருவர் கை காட்டினார்.

மெஷினை ஓட்டிக்கொண்டிருந்தவள் சக்திவேலின் அத்தையாகத்தான் இருக்க வேண்டும்; ஜோதியம்மாள் என்ற பெயர் பிறகுதான் தெரிந்தது. கையில் பச்சை நிறம், வாயில் ஓயாத பேச்சு. பின்னால் கவிழ்த்த பிளாஸ்டிக் பெட்டியில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். ரவிக்கை முழுக்க வேர்வையில் நனைந்திருந்தது. கை நடுங்கியது. கண் எதையோ பார்த்தது, ஆனால் எதையும் பார்க்கவில்லை. நெற்றி முழுக்க யாரோ திருநீறு பூசியிருந்தார்கள்.

"இவங்கதான் எல்லம்மாளா?"

"ஆமா, எங்க அண்ணி. ஏன்?"

"மாத்திர போட்டாங்களா?"

ஜோதியம்மாள் கரும்பைக் கீழே வைத்தாள். "நீ யாரு? காலைல ஒண்ணு போட்டுச்சு. மத்தியானம் தல சுத்துதுன்னுச்சு, சக்கர ஏறிடுச்சோன்னு இன்னொண்ணு குடுத்தேன். இப்போ ஏடாகூடமா பேசுது. சாமி வர்ற மாதிரி இருக்குது."

"சாமி இல்லைங்க. சக்கர இறங்கிடுச்சு. ஜூஸ் குடுங்க, சீக்கிரம்."

"உனக்குக் கிறுக்கா? சக்கரக்காரிக்கு கரும்புச் சாறா? விரதம் வேற."

"அவங்களுக்கு சக்கரயே கிடையாது. ரிப்போர்ட் தப்பு. லேப்ல..." என்று கீதாஞ்சலி தொடங்கினாள்.

"லேப்ல தப்பா?" ஜோதியம்மாள் இடுப்பில் கை வைத்தாள். "ஊசி போட்டு ரத்தம் எடுத்தவனே தப்பு பண்ணியிருந்தா, இப்ப நீ வந்து சொல்றது மட்டும் எப்படி சரி? காலைல அப்படி, சாயங்காலம் இப்படி. நாங்க எத நம்பறது? தள்ளு, வியாபார நேரம்."

இரண்டு மூன்று பேர் ஜூஸ் கிளாஸோடு நின்று வேடிக்கை பார்த்தார்கள். எல்லம்மாள் பெட்டியிலிருந்து மெல்லச் சாய்ந்தாள்.

"லேப் தப்பு இல்ல" என்றாள் கீதாஞ்சலி. "நான்தான் மாத்தி அனுப்பிட்டேன். வேங்கிக்கால்ல இன்னொரு எல்லம்மா இருக்காங்க, அது அவங்களோடது. லேப் சரியாத்தான் குடுத்தாங்க. நான் எழுதின புரோகிராம் மாத்திடுச்சு. எனக்கு சந்தேகம் இருந்துச்சு, பாக்காம விட்டுட்டேன். இதோ பாருங்க, இதுதான் இவங்களோட எண்ணு. ரத்தம் எடுத்தப்போ கைல குடுத்த சீட்டு இருந்தா எடுத்துப் பாருங்க. சக்திவேல் குரல் அனுப்பினான், அதையும் கேக்காம விட்டுட்டேன். என்ன அப்புறமா அடிங்க. இப்ப ஜூஸ் குடுங்க."

ஜோதியம்மாள் அவள் முகத்தையே பார்த்தாள். சீட்டைத் தேடவில்லை. இப்படி நாலு பேர் முன்னால் தன்மேல் போட்டுக்கொள்கிறவள் பொய் சொல்லமாட்டாள் என்று நினைத்திருக்கலாம். மெஷினைச் சுற்றினாள். முதல் கிளாஸ் பாதி நிறைவதற்குள் கீதாஞ்சலி பிடுங்கிக்கொண்டாள். எல்லம்மாளின் தலையை நிமிர்த்தி, உதட்டில் வைத்தாள். முதலில் வழிந்தது. பிறகு தொண்டை அசைந்தது.

"விழுங்குது, விழுங்குது" என்றார் வேடிக்கை பார்த்தவர்களில் ஒருவர்.

அந்தக் கொஞ்ச நேரம் எவ்வளவு நீளம் என்று கீதாஞ்சலியால் பிறகு சொல்ல முடியவில்லை. சாலையில் கூட்டம் போய்க்கொண்டே இருந்தது. ஒலிபெருக்கியில் காணாமல் போன யாரையோ கூப்பிட்டார்கள். இரண்டாவது கிளாஸ் பாதியில் எல்லம்மாள் கண்ணைச் சுருக்கி, கிளாஸைத் தள்ளினாள்.

"ஐஸ் போட்டியா? எனக்கு ஐஸ் ஆவாதுனு எத்தினி வாட்டி சொல்றது."

ஜோதியம்மாள் தரையில் உட்கார்ந்து அழுதாள். அழுகைக்கு நடுவிலேயே கீதாஞ்சலியைத் திட்டினாள். "என் கையால, என் அண்ணிக்கு, ரெண்டாவது மாத்திர... நல்லா இருப்பியா நீ? படிச்ச பொண்ணுதானே?" கீதாஞ்சலி தலையாட்டினாள். படித்த பெண்தான் என்பதற்கா, நன்றாக இருக்கமாட்டேன் என்பதற்கா என்று அவளுக்கே தெரியவில்லை.

கொஞ்சம் தள்ளி இருந்த மருத்துவ முகாம் கூடாரத்துக்குக் கைத்தாங்கலாகக் கூட்டிப்போனார்கள். நர்ஸ் விரலில் குத்திப் பார்த்தாள். "இப்ப தேவல. ஆனா அந்த மாத்திர உடம்புல இன்னும் இருக்கும், திரும்பவும் இறக்கும். தனியா விடாதீங்க. ஜி.எச்-சுக்கு அனுப்பறோம், ராத்திரி அங்க இருக்கட்டும்" என்றாள். ஆம்புலன்ஸுக்குக் காத்திருக்கும்போது எல்லம்மாள் பிஸ்கெட்டை நனைத்துத் தின்றபடி கீதாஞ்சலியை மேலும் கீழும் பார்த்தாள். நடந்ததை ஜோதியம்மாள் அதற்குள் இரண்டு முறை சொல்லி முடித்திருந்தாள்.

"விரதமும் போச்சு. சுத்தறதும் போச்சு" என்றாள் எல்லம்மாள். "எத்தினி வருஷமா விட்டதில்ல தெரியுமா?"

"தெரியாதுங்கம்மா."

"அந்த இன்னொரு எல்லம்மாகிட்ட சொல்லிட்டியா?"

கீதாஞ்சலி போனை எடுத்தாள். எப்போதோ ஒரு கணம் இணையம் வந்து போயிருக்கிறது. சக்கரபாணியின் செய்தி கிடந்தது. 'அந்தம்மா பேரனோட பாதாம் கீர் குடிச்சிட்டு இருக்குது. சக்கர இருக்குன்னா நம்ப மாட்டேங்குது. லேப் தப்புனு சொன்னேன், அப்போ இதுவும் தப்பா இருக்கும்னு சொல்லுது. என்ன பண்றது?'

அதை வாய்விட்டுப் படித்தாள். ஜோதியம்மாள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "அப்ப இங்க ஏன் நிக்கிற? போய் எங்ககிட்ட சொன்னத அங்க சொல்லு" என்றாள். அதில் கோபம் குறையவில்லை.

அம்மா தேறிவிட்டாள் என்று சக்திவேலுக்கு ஒரு வரி தட்டி அனுப்பிவிட்டு அவள் சாலையில் இறங்கினாள். திரும்பிப் போகிற வழி கூட்டத்தோடுதான். யாரும் இடிக்கவில்லை, யாரும் கேள்வி கேட்கவில்லை. மலைக்கு மேல் வெளிச்சம் இறங்கிக்கொண்டிருந்தது. முன்னால் போகிற கால்களின் வேகத்தில் அவள் கால்களும் போயின, அந்த வேகம் போதவில்லை. வேங்கிக்கால் எல்லம்மாளின் முன்னால் நின்று சொல்ல வேண்டியதை அவள் மனதுக்குள் ஒத்திகை பார்த்தாள். அம்மா, லேப்ல தப்பு இல்ல. நான்தான். அது இரண்டாவது முறையும் எளிதாக வரவில்லை. குபேர லிங்கம் தெரிந்ததும் கூட்டத்தை விட்டு ஓரமாக வந்து, மறுபடி ஓடத் தொடங்கினாள்.